வெறும் ஃபிளாஷ்

புதுக் கேமராவோடு ஒரு கையேடு வந்தது. நூற்றைம்பது பக்கத்துக்கு மேல், அத்தனையும் ஆங்கிலம். எனக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கேமரா மெனுவில் ஆங்கிலம் என்று மூன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டுதான் வாழ்க்கை நடந்தது. எறணாகுளத்தில் பிராட்வேக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் படகிலேயே பெட்டியைப் பிரித்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்து, எத்தனை மெகாபிக்சல் என்று விசாரித்தார். பத்து என்றேன். தன் மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சட்டைப்பைக் கேமராவிலேயே பன்னிரண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த வருடங்களில் எல்லோருக்கும் அந்த ஒரு எண்தான் தெரியும். சென்சார் எவ்வளவு பெரிது, முன்னால் என்ன லென்ஸ் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். படகில் போகிறவரோடு மல்லுக்கு நிற்க எனக்கும் விருப்பமில்லை. கையேட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

கம்பெனிக்காரர்கள் அதை நடுத்தர வகை என்று வைத்திருந்தார்கள். பழகுகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் உடம்போடு ஒன்று, பத்திரிகைக்காரர்களுக்குச் செங்கல் கனத்தில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் என்னைப் போன்றவனுக்கு இது. உடம்பு உலோகம். மேலே வலது பக்கம் ஒரு சின்னத் திரை, இன்னும் எத்தனை படம் எடுக்கலாம், பேட்டரி எவ்வளவு என்று சொல்ல. கண் வைக்கும் இடம் பளிச்சென்று இருந்ததால் இருட்டு மண்டபத்திலும் எதிரில் நிற்பவரின் முகம் தெரியும். விரலை எடுக்காமல் அழுத்தினால் நொடிக்கு ஐந்து படம். கார்டில் ஐந்நூறு கொள்ளும். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு என்று எண்ணி எண்ணியே தலை நரைத்தவனுக்கு அந்த ஐந்நூறு கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

முதல் வாரம் முழுவதும் அதைச் சோதித்தேன். ஐஎஸ்ஓ நூறிலிருந்து ஆயிரத்தறுநூறு வரை மாற்றி மாற்றி ஸ்டுடியோச் சுவரையே எடுத்தேன். எண்ணூறு வரை சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் நிழலில் ரவை தூவியது போலப் புள்ளிகள். டியூப் லைட்டில் தானாக விட்டால் நிறம் பச்சையடித்தது, கையால் சரிசெய்தால் ஒழுங்காக வந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ், கொடியில் தொங்கிய லுங்கி, பூட்டின அலமாரி என்று ஒவ்வொன்றையும் நாற்பது ஐம்பது தடவை எடுத்தேன். பத்து நொடி டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். திரையில் பார்த்தால், ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைப் போல ஒருவன் இருந்தான். அழித்துவிட்டேன். அந்த வாரம் அந்தக் கேமராவில் அதிகம் உழைத்தது அழிக்கும் பட்டன்தான்.

மனித முகத்தில் சோதித்துப் பார்க்க எனக்கு மனிதர் இல்லை. இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் நான் செய்துகொள்ளவில்லை. வாரத்துக்கு இரண்டு கல்யாணம் பார்த்தவனுக்கு அதன் மேல் ஆசை போய்விட்டது என்று கேட்பவர்களிடம் கதை விடுவேன். உண்மையில் யாரும் எனக்காக முயற்சி எடுக்கவில்லை, எனக்கும் போய்க் கேட்க வாய் வரவில்லை, வயது போய்விட்டது. பஜார் ரோட்டை ஒட்டிய சந்தில் முன்னால் ஸ்டுடியோ, பின்னால் படுக்கை என்று ஒரே கட்டடத்தில் என் குடித்தனம் முடிந்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள் மூன்று நிமிடம் உட்காருவார்கள், மோவாயைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், போய்விடுவார்கள்.

வேலை எதுவும் இல்லாமல் அங்கே வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அக்கா. சொந்த அக்கா இல்லை. பக்கத்து முனிசிபல் காலனியில் இருந்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவள் பாட்டனார் காலத்திலேயே துப்புரவு வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவள் வீட்டுக்காரருக்கும் முனிசிபாலிட்டியில்தான் வேலை. அக்கா சுக்கு மூட்டை அடுக்கும் கிடங்கில், இங்கத்திய பேச்சில் பாண்டிகசாலையில், சுக்கைத் தரம் பிரிப்பாள். நாலு மணிக்கு வேலை விட்டதும் முக்குக் கடையில் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வருவாள். ஒரு கிளாஸை என் மேஜை மேல் வைத்துவிட்டு, சேலையிலிருந்து சுக்கு வாசனை வர, பெஞ்சில் உட்கார்ந்து கால் முட்டியைத் தடவிக்கொள்வாள். மகள் கலூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். வீட்டுக்காரர் இறந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. ஊர்க்கதை ஒன்றிரண்டு பேசுவோம். கிளாஸ் காலியானதும் எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்பாள்.

"படம் வந்தோ தம்பி?"

தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். சரி என்று போய்விடுவாள். இப்படியே வருடங்கள் ஓடின. அந்தப் படம் வராது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு நாலு ரோல்தான் என்று பேசியிருப்போம். பந்தலிலோ முந்நூறு பேர் இருப்பார்கள், முந்நூறு பேருக்கும் கேமரா முன்னால் நிற்க ஆசை. முடியாது என்றால் முகம் சுண்டிப்போகும், கல்யாண வீட்டுக்காரரிடம் புகார் போகும். அதற்குத்தான் வெறும் ஃபிளாஷ். ஃபிளாஷின் முதுகில் சோதனைக்கென்று ஒரு சின்னப் பட்டன் உண்டு. அதை மட்டும் கட்டைவிரலால் அமுக்கினால் வெளிச்சம் அடிக்கும், ஷட்டர் திறக்காது, ஃபிலிம் நகராது. நின்றவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு திருப்தியாகப் போய்விடுவார்கள். எல்லா ஸ்டுடியோக்காரர்களும் செய்ததுதான். ஆல்பத்தில் ஏன் இல்லை என்று யாராவது பின்னால் கேட்டால், சரியாக விழவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கு நிஜம், யாருக்கு வெறும் ஃபிளாஷ் என்று முடிவு செய்ய எங்களுக்கு ஒரு நொடி போதும். சட்டையைப் பார்ப்போம், கழுத்தைப் பார்ப்போம், காலைப் பார்ப்போம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மிளகு வியாபாரி வீட்டுக் கல்யாணம். காலையிலிருந்து பந்தலைப் பெருக்கி இலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், மத்தியானத்துக்கு மேல் கை கால் கழுவி, மடித்துவைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. தலையில் புதுசாக மல்லிகை. கடைசி ரோல் முடிய ஆறோ ஏழோ படம்தான் இருந்தது, பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் காட்சி பாக்கி. அந்த அம்மாள் கூச்சத்தோடு என்னிடம் வந்து, "எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுக்குமோ தம்பி?" என்று கேட்டாள். நான் தாராளமாகச் சிரித்தேன். வாங்க என்றேன். இன்னும் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்கள் என்றேன். அவர் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். அவருக்கு இடது பக்கம் அவள் நின்றாள். தலையை லேசாகச் சாய்க்கச் சொன்னேன், சாய்த்தாள். பிறகு கட்டைவிரலால் பட்டனை அமுக்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருவது அந்தப் பட்டனால்கூட இல்லை. தலையைச் சாய்க்கச் சொன்னேனே, அதனால்தான்.

அந்த அம்மாள்தான் அக்கா. ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவைத் தேடி வந்துவிட்டாள். அவர்களுக்குக் கல்யாணமானபோது படம் எடுக்க வசதியில்லை. அவருக்கென்று இருந்தது வேலை அடையாள அட்டையில் ஒட்டிய போட்டோ ஒன்றுதான், அதிலும் ஆபீஸ் சீல் மோவாயின் மேல் பாதி விழுந்திருந்தது. இருவரும் சேர்ந்து நின்றது அந்த ஒரு தடவைதான். அப்போதே விழவில்லை என்று சொல்லியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். நெகட்டிவ் வந்ததும் தருகிறேன் என்று சொல்லித்தொலைத்தேன். இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேலியேற்றத்தில் ஸ்டுடியோவுக்குள் தண்ணீர் வந்து நெகட்டிவ் பெட்டிகள் நனைந்துவிட்டன, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். கடல் ஏறித் தண்ணீர் புகுந்தது நிஜம்தான். நல்ல பொய்க்குக் கொஞ்சம் நிஜம் வேண்டியிருக்கிறது.

அப்புறம் அந்தப் பொய்யை நான் வைத்துக்கொண்டதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. படம் இல்லை என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு என் ஸ்டுடியோவில் என்ன வேலை? நாலு மணிக்கு அந்தக் கிளாஸ் மேஜை மேல் வைக்கப்படும் சத்தத்துக்காக நான் மூன்றரையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். அவள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் பொழுது போயிருக்கிறது. ஒரு கிழவியின் ஆசையைப் பிடித்துவைத்து நான் துணை தேடிக்கொண்டேன். கேவலம்தான், மறுக்கவில்லை.

கேமரா வாங்கிய வாரத்தில் ஒரு நாள் அக்கா சாயாவோடு வந்தபோது நான் சுவர்ப் படங்களைத் திரையில் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்த உடனேயே இதில் பார்க்கலாமா என்று ஆச்சரியப்பட்டாள். பார்க்கலாம், அதனால் இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் ஒவ்வொருவரும் காட்டு காட்டு என்று பிடுங்குகிறார்கள் என்றேன். அவளுக்குக் காட்டுவதற்காக மேஜை மேலிருந்த சாயாக் கிளாஸை ஒரு படம் எடுத்தேன். கேமராவுக்குள்ளே கண்ணாடி தூக்கி இறங்கும் அந்த 'கடக்' கொஞ்சம் கனமாகவே கேட்கும். அக்கா திரையைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள். இன்னொரு தடவை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன்.

"அவர் சொன்னது இந்தச் சத்தம்தான்," என்றாள்.

கேமராவை மேஜை மேல் வைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். அந்தக் கல்யாண வீட்டில் அவர் காலையிலிருந்து பந்தலில்தான் இருந்தார், நான் படம் எடுப்பதை வேலைக்கு நடுவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழியில், வெளிச்சத்தை வெட்டம் என்கிற இந்த ஊர்ப் பேச்சில், சொல்லிவிட்டாராம்.

"'மத்தவங்களுக்கெல்லாம் வெட்டமும் வந்துச்சு, சத்தமும் வந்துச்சு. நமக்கு வெட்டம் மட்டும்தான்'னார். நான் சண்டை பிடிச்சேன் தம்பி. தலையச் சாய்ச்சு நில்லுன்னு சொல்லிச் சிரிச்ச பையன் அப்பிடிச் செய்யுமோ, உங்களுக்கு எல்லாரும் கள்ளன்தான்னு கேட்டேன். ரெண்டு நாள் அவர்கிட்ட மிண்டலை."

இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள், என் பக்கம் நின்றுகொண்டு. அவர் சொன்னது தப்பு என்று அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டத்தான் முதல் தடவை ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறாள். அவர் போன பிறகும் அதைக் காட்டவேதான் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நீ சொல்லு. அன்னைக்கு எடுத்தியா?"

எடுத்தேன் என்று சொன்னால் நாளைக்கும் நாலு மணிக்கு வருவாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சாயா கிளாஸில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்க இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இல்லக்கா. வெறும் ஃபிளாஷ்தான் அடிச்சேன். அவர் சொன்னது சரி."

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. முட்டியைத் தடவுவதை நிறுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனி இத அவர்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்," என்றாள்.

பிறகு அவளே எழுந்துபோய், நான் ஒரு வாரமாக எடுத்துக்கொண்டிருந்த அந்தச் சுவருக்கு நாலடி முன்னால் நின்றாள். இப்போது ஒன்று எடு என்றாள். நான் ஃபிளாஷை எடுத்து மாட்டப் போனேன்.

"வெட்டம் வேண்டாம் தம்பி. சத்தம் போதும்."

ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். அதற்கு ஏற்றாற்போல, திறப்பு அதிகமுள்ள ஐம்பது எம்எம் லென்ஸை மாட்டி முழுக்கத் திறந்துவைத்தேன். அப்படி வைத்தால் குறைந்த வெளிச்சத்திலும் படம் கிடைக்கும், ஆனால் ஃபோகஸ் விழுந்த இடம் மட்டுமே தெளிவாக வரும், முன்னும் பின்னும் கலங்கிவிடும். கண்ணை வைத்துப் பார்த்தபோது அவள் நடுவில் நிற்கவில்லை என்று தெரிந்தது. ஒரு ஆள் நிற்கிற அளவுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். தலையை லேசாக அந்தப் பக்கம் சாய்த்திருந்தாள். அன்று நான் சாய்க்கச் சொன்ன அதே சாய்ப்பு. நகர்ந்து நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் எழவில்லை. என் கண்ணும் சரியாக இல்லை. கேமரா பீப் என்று சொன்னது, பச்சைப் புள்ளி எரிந்தது, அமுக்கினேன். கடக். விரலை எடுக்காமல் இருந்ததில் இன்னும் நாலு கடக்.

அவள் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள். இரண்டரை அங்குலத்தில் எல்லாம் அழகாகவே தெரிந்தது. "கிட்டியாச்சு," என்றாள். காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனாள். படம் வந்தோ என்று அன்று கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அந்தக் கேமராவில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பது. நடுப்புள்ளி மட்டும்தான் மங்கலான வெளிச்சத்தில் நம்பகமானது என்று கையேட்டிலேயே இருக்கிறது, நானும் அதை மட்டும்தான் போட்டுவைத்திருந்தேன். நடுவில் அவள் இல்லை, சுவர்தான் இருந்தது. கேமரா சுவரைப் பிடித்துக்கொண்டு பீப் என்று எனக்கு உறுதி சொல்லியிருக்கிறது. ஐந்து படத்திலும் காரை பெயர்ந்த இடம், பழைய ஆணி, ஆணியின் நிழல் எல்லாம் எண்ணி எடுக்கலாம்போல் துல்லியம். அக்காவின் முகம் மட்டும் கலங்கியிருந்தது. முப்பது வருடத் தொழிலில் இரண்டாவது தடவையாக அவளை ஏமாற்றியிருந்தேன், இந்தத் தடவை மனசறிந்து இல்லை என்பதுதான் வித்தியாசம்.

மறுநாள் நாலு மணிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கலங்கலைக் கூர்மையாக்க சாஃப்ட்வேரில் ஒரு வழி இருந்தது. அதைக் கொண்டு முட்டிமோதிப் பார்த்ததில் முகம் கத்தரித்து ஒட்டியது போல ஆயிற்று. சின்ன அளவில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் அவள் கண்ணுக்குத் தெரியாது என்றும் தோன்றியது. அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே எனக்குப் பழைய கட்டைவிரல் ஞாபகம் வந்தது. இருந்தபடியே பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். நாலாம் நாள் காலனிக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள், முட்டிவலி தாங்கவில்லை, இனி சுக்கு வேலைக்கு இல்லை, அங்கேயே இருக்கப் போகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். முட்டிவலிதானா, வேறு ஏதாவதா என்று நான் யாரிடம் கேட்பது.

படகு ஏறி, பஸ் மாறி, கலூருக்குப் போய்ச் சேர்ந்தேன். மகள் என்னை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு அம்மாவை அழைத்துவந்தாள். அக்கா வழக்கம்போலத்தான் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன், முகம் விழவில்லை, சுவர்தான் விழுந்திருக்கிறது, தப்பு என்னுடையது என்று. பிரிண்டை நீட்டினேன்.

அவள் அதை வாசல் பக்கம் திருப்பிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"கேமரா கொண்டாந்திருக்கேன்க்கா. இங்கயே இன்னொண்ணு எடுத்துடலாம்," என்றேன்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். தன் முகத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் விட்டிருந்த அந்த இடத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அவர் நின்ன எடம் நல்லா தெளிஞ்சிருக்கு. இது போதும்."

மகள் சாயா கொண்டுவந்தாள். குடித்தேன். போய் வருகிறேன் என்றேன், சரி தம்பி என்றாள். அடுத்து எப்போது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எதைச் சாக்கு வைத்து இனி நாங்கள் பார்த்துக்கொள்வது. கலூர் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மணி நாலு. அந்த நேரத்துக்கு அக்கா வைக்கும் கிளாஸை எடுத்தே பழகி, இப்போது என்ன செய்வது என்று தெரியாத கை, பையிலிருந்து கேமராவை எடுத்து முடுக்கியது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. கார்டில் இன்னும் நானூற்றுச் சொச்சம் படத்துக்கு இடம் இருந்தது.